மலை ஒன்று, பாறை ஒன்று, இடம் மட்டும் பாதி: டவுன்ஹில் சைக்கிள் பெண்களின் கணக்கு என்ன?

2023 ஜூன். சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடே மலையில் டவுன்ஹில் மவுன்டன் பைக் உலகக் கோப்பைப் போட்டி. அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் 35 வயது ரேச்சல் ஆதர்டன், பிரிட்டன்காரர். 2019-இல் பிரான்ஸின் லெஜே மலையில் குதிகால் தசைநார் அறுந்த பிறகு அவர் உலகக் கோப்பைப் போட்டி எதையும் வென்றதில்லை. நடுவில் 2021-இல் மகள் பிறந்தாள். 'இனி அவ்வளவுதான்' என்று பலரும் முடிவுகட்டியிருந்த நேரத்தில் வந்தார், இறங்கினார், வென்றார். உலகக் கோப்பையில் அது அவருக்கு 40-வது வெற்றி.

'அம்மா ரிட்டர்ன்ஸ்' என்ற மாதிரி தலைப்புகளோடு சைக்கிள் உலகம் முழுக்க அந்தச் செய்தி ஓடியது. ஓடவேண்டிய செய்திதான். ஆனால் அந்தத் தலைப்புகளில் ஒரு விஷயம் விடுபட்டுப்போனது. ஆதர்டன் அன்று ஓட்டிய சைக்கிளில் எழுதியிருந்த பெயரும் ஆதர்டன்தான். 2019-இல் அவரும் அவருடைய சகோதரர்கள் டேன், ஜீ இருவரும் சேர்ந்து தொடங்கிய சொந்த நிறுவனத்தின் தயாரிப்பு அது. அடிபட்டபோதும், கர்ப்பமாக இருந்தபோதும், 'இந்த வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க முடியாது, சாரி' என்று சொல்ல மேலே ஒரு முதலாளி இல்லை.

மற்ற பெண்களுக்கு அந்த வசதி உண்டா? இந்த விளையாட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் கதவு சாத்தப்படுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

முதலில், டவுன்ஹில் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னால், மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை யார் சீக்கிரம் வருகிறார்கள் என்பதுதான் போட்டி. மேலே ஏறுவதற்கு ரோப் கார் அல்லது வண்டி இருக்கும். இறங்குவதற்கு நீங்கள்தான். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. பெரும்பாலான தடங்களில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். தட்டில் வைத்த இட்லி ஆறக்கூட அவ்வளவு நேரம் ஆகாது.

தடம் என்று சொல்வதால் ரோடு மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 2.8 கி.மீ., அதற்குள் 550 மீட்டருக்கு மேல் இறக்கம். தொடக்கத்தில் பாறைக் குவியல், பிறகு ஈர மண்ணும் மரவேரும் உள்ள காடு, கடைசியில் வீடு உயரத்துக்குத் தூக்கி எறியும் தாவல்கள். வேகம் மணிக்கு 60 கி.மீ.-ஐ சாதாரணமாகத் தாண்டும். இதைத் தாங்குவதற்காகவே முன்பக்கமும் பின்பக்கமும் சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய சஸ்பென்ஷன் வைத்த தனி ரக சைக்கிள்கள் உண்டு. தாடையையும் மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம், முதுகுக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இறுதிச் சுற்றில் ஒரே ஒரு வாய்ப்புதான். டென்னிஸில் முதல் செட்டை விட்டால் அடுத்த செட் இருக்கிறது. கிரிக்கெட்டில் இரண்டாவது இன்னிங்ஸ் இருக்கிறது. இங்கே ஒரு வளைவில் டயர் கொஞ்சம் வழுக்கினால், அந்த வார இறுதியே போச்சு. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவர் கடைசியாக இறங்குவார் என்பதால், கீழே முன்னிலையில் உட்கார்ந்திருப்பவர் நாற்காலியின் நுனியில் இருப்பார். டிவியில் பார்க்க அட்டகாசமாக இருக்கும்.

அந்த நான்கு நிமிடத்துக்குப் பின்னால்

போட்டிக்கு முன்னால் 'டிராக் வாக்' என்று ஒன்று உண்டு. வீராங்கனைகள் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு, தடம் முழுவதையும் நடந்தே பார்ப்பார்கள். எந்தப் பாறைக்கு இடப்பக்கம் போனால் அடுத்த வளைவுக்கு நேராக வரலாம், எந்த வேர் மழை பெய்தால் சோப்பு மாதிரி ஆகும், எங்கே பிரேக்கைத் தொடவே கூடாது என்று மனதில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் பயிற்சியில் அந்த வரைபடத்தில் பாதி தப்பு என்று தெரியும். நூற்றுக்கணக்கான டயர்கள் போய்ப் போய், காலையில் இருந்த பள்ளம் மாலையில் வேறு இடத்தில் இருக்கும்.

உடம்பில் முதலில் கையெழுத்துப் போடுவது முன்னங்கை. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி குலுங்கி இறங்குவதில் கைத்தசை இறுகிக் கல்லாகிவிடும். கடைசி முப்பது விநாடிகளில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. பெரிய தாவல்களைப் பெரும்பாலும் அந்த முப்பது விநாடிகளில்தான் வைத்திருப்பார்கள். பார்வையாளர்கள் அங்கேதானே நிற்கிறார்கள்!

சீசன் இல்லாத மாதங்களில் ஜிம், மோட்டோகிராஸ், பி.எம்.எக்ஸ். தடம், உடல்திறனுக்காக ரோட்டில் நீண்ட தூர சைக்கிள் பயணம். இதில் ஒரு வேடிக்கையான சோகம் உண்டு. 2008-இல் முதன்முறை உலக சாம்பியன் ஆன ஆதர்டன், அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவில் ரோட்டில் பயிற்சி செய்யும்போது வண்டி மீது மோதி, தோள்பட்டை விலகி, நரம்பும் பாதிக்கப்பட்டார். மலையிலிருந்து தப்பி வந்தவருக்கு ரோட்டில் கண்டம்.

காறை எலும்பு முறிவை இந்த உலகத்தில் யாரும் பெரிய செய்தியாகச் சொல்வதில்லை. பயப்படுவது தலைக்காயத்துக்கு. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி எக்ஸ்ரேயில் தெரியாது. 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று வீராங்கனையே சொல்லிவிட்டு மறுபடி மேலே போய்விடலாம். யு.சி.ஐ. எனும் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இதற்கான நெறிமுறையை 2021-இல்தான் எல்லாப் பிரிவுகளுக்கும் கொண்டுவந்தது. ஒப்பிடத்தக்க விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கன்கஷன் அதிகம் ஏற்படுகிறது என்று விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருவதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2017-இல் மேனன் கார்பென்டர் என்ற வேல்ஸ் வீராங்கனை சீசன் நடுவில் ஓய்வை அறிவித்தார். 2014-இன் உலக சாம்பியன் அவர். ஓய்வுபெறும்போது வயது 24. எந்தப் பெரிய விபத்தும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. வெல்வதற்கு எவ்வளவு ஆபத்தை எடுக்க வேண்டுமோ, அதை எடுக்கத் தனக்கு இனி மனமில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்த அறிவிப்பை நான் தைரியமில்லாத முடிவாகப் பார்க்கவில்லை. வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில் 'இந்தச் சம்பளத்துக்கு இந்த ரிஸ்க்கா?' என்று கணக்குப் போட்டுப் பார்க்காதவர் நம்மில் யார்?

சரி, சம்பளம் எவ்வளவு?

பரிசுப் பணத்தைப் பார்த்தால் இந்த விளையாட்டு முன்னோடி. உலகக் கோப்பையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசுத் தொகை. டென்னிஸ் பல ஆண்டுகள் சண்டை போட்டுப் பெற்ற சமத்துவம் இங்கே பெரிய சத்தமில்லாமல் வந்துவிட்டது. சத்தமில்லாமல் வந்ததற்குக் காரணம் உண்டு: பரிசுப் பணத்தை நம்பி இங்கே யாரும் குடும்பம் நடத்துவதில்லை. ஆண்டுக்குச் சில போட்டிகள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டில். விமான டிக்கெட், தங்கும் செலவு, டயர், உதிரி பாகம் என்று கழித்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. சமமாகப் பிரிப்பதற்கு அந்தத் தொகை சௌகரியமாகச் சின்னது, அவ்வளவுதான்.

உண்மையான வருமானம் கான்ட்ராக்ட். சைக்கிள் நிறுவனம், டயர் நிறுவனம், ஹெல்மெட் நிறுவனம், எனர்ஜி டிரிங்க் நிறுவனம் தருவது. நிறுவனத்தின் அதிகாரபூர்வ அணியில் இருப்பவரை 'ஃபேக்டரி ரைடர்' என்பார்கள். மெக்கானிக், பயிற்சியாளர், போக்குவரத்து எல்லாம் அணி பார்த்துக்கொள்ளும். அணி கிடைக்காதவர் 'பிரைவேட்டியர்'. வேனில் தூங்கி, தன் செயினைத் தானே மாற்றி, அம்மாவோ காதலரோ சமைத்துப் போட, போட்டிக்குப் போட்டி ஓடுபவர். கான்ட்ராக்ட் தொகைகள் வெளியே வருவதில்லை என்பதால், அங்கே சமத்துவம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவும் முடிவதில்லை.

ரோடு சைக்கிள் பந்தயத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உச்சநிலைப் பெண்கள் அணிகளுக்கு 2020 முதல் குறைந்தபட்ச சம்பளம் என்று யு.சி.ஐ. விதி போட்டது, மகப்பேறு விடுப்பும் அந்த ஏற்பாட்டில் வந்தது. அந்த விதி ரோடு அணிகளுக்கானது. மலையில் இறங்குபவருக்கு, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

இதன் மேல் இன்னொரு அடி. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க சைக்கிள் விற்பனை எகிறியது. நிறுவனங்கள் அதே வேகம் நீடிக்கும் என்று உற்பத்தியைப் பெருக்க, பிறகு கிடங்குகளில் சரக்கு தேங்கியது. தள்ளுபடி, ஆட்குறைப்பு, கடைசியில் அணிகளுக்கான பட்ஜெட்டிலும் கத்தரி. 2024 இறுதியில், மவுன்டன் பைக் உலகின் பழைய பெயர்களில் ஒன்றான ஜி.டி. நிறுவனம் புதிய தயாரிப்புகளையே நிறுத்திவைத்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அணி நான்கு பேரிலிருந்து மூன்று பேராகக் குறைகிறது என்றால், விடுபடும் நான்காவது பெயர் யாருடையதாக இருக்கும் என்று ஒவ்வொரு வீராங்கனையும் யோசிக்கத்தான் செய்வார்.

ஒலிம்பிக்ஸில் இருந்தால் மாறுமா?

மாறும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குச் சாட்சி ஆன்-கரோலின் ஷோசோன். பிரான்ஸைச் சேர்ந்த இவர் 1996 முதல் 2003 வரை தொடர்ந்து எட்டு முறை, பிறகு 2005-இல் ஒன்று என்று டவுன்ஹில் உலக சாம்பியன் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். ஆண், பெண் யாராக இருந்தாலும் அந்தப் பட்டியலின் உச்சியில் வைக்கவேண்டிய பெயர். ஆனால் மவுன்டன் பைக்கில் ஒலிம்பிக்ஸுக்குப் போனது கிராஸ் கன்ட்ரி மட்டும்தான், 1996 அட்லான்டாவில். மேடும் பள்ளமுமாக வட்டமடிக்கும் அந்தப் போட்டிக்கு இடம் கிடைத்தது; டவுன்ஹில்லுக்கு இன்றுவரை இல்லை. ஷோசோன் என்ன செய்தார்? பி.எம்.எக்ஸ். முதன்முறையாக ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்ட 2008 பெய்ஜிங்கில் அந்தச் சின்னச் சைக்கிளில் ஏறித் தங்கம் வென்றார். தன் விளையாட்டின் மிகப் பெரிய ஆள், ஒலிம்பிக் தங்கத்துக்காக வேறொரு விளையாட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

ஒலிம்பிக்ஸ் இல்லை என்றால் பல நாடுகளில் அரசுப் பணம் பெரிதாக வராது. அரசுப் பணம் வராத இடத்தில் பதின்வயதுப் பெண்ணின் பயிற்சிச் செலவு பெற்றோர் தலையில். எந்த ஊரில் பிறந்தீர்கள் என்பது அப்போது பெரிய விஷயமாகிவிடும். இன்றைய ராணியான ஆஸ்திரியாவின் வாலி ஹோல் வளர்ந்தது சால்பாக்-ஹின்டர்கிளெம்மில். உலகக் கோப்பை நடக்கும் லியோகாங் மலைக்குப் பக்கம். பைக் பார்க் அவருக்குத் தெருமுனை மைதானம் மாதிரி. 2018, 2019-இல் ஜூனியர் உலக சாம்பியன், 2021-இல் 19 வயதில் உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டம்.

மற்றவர்கள் வந்த வழியைப் பாருங்கள். 2020-இன் உலக சாம்பியன் கமீல் பாலன்ஷ், சுவிட்சர்லாந்தின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் விளையாடி 2012 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றவர். ஜெர்மனியின் நீனா ஹோஃப்மன் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். இரண்டு பேரும் வளர்ந்த பிறகு இந்தப் பக்கம் வந்து உலகத் தரத்தைத் தொட்டார்கள். கேட்க உற்சாகமான கதைதான். ஆனால் ஒரு விளையாட்டின் உச்சியை வேறு விளையாட்டிலிருந்து தாமதமாக வருபவர்களால் எட்ட முடிகிறது என்றால், சின்ன வயதிலிருந்து இதிலேயே வளர்ந்துவரும் பெண்களின் வரிசை எவ்வளவு சின்னது என்பதும் அதில் தெரிகிறது.

இடங்களின் கணக்கு

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2022 வரை, உலகக் கோப்பை இறுதிச் சுற்றுக்கு 60 ஆண்கள், 15 பெண்கள் என்பது ஏற்பாடு. 2023-இல் ஒளிபரப்பும் நடத்தும் பொறுப்பும் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பக்கம் போனது. அதுவரை ரெட் புல் டிவியில் இலவசமாக ஓடிய நேரலை, சந்தாவுக்குப் பின்னால் போனது. கூடவே அரையிறுதி என்ற புதுச் சுற்றும் வந்தது. இறுதிச் சுற்று 30 ஆண்கள், 10 பெண்கள் என்று சுருங்கியது. 2025-இல் அரையிறுதியை எடுத்துவிட்டு, இரண்டு தகுதிச் சுற்றுகளாக்கினார்கள். இறுதிக்கு 30 ஆண்கள், 15 பெண்கள்.

இதை விகிதமாகப் பார்த்தால் முன்னேற்றம். ஐந்தில் ஒன்றாக இருந்த பெண்களின் பங்கு நான்கில் ஒன்றாகி, இப்போது மூன்றில் ஒன்றாகியிருக்கிறது. 'பெண்களின் பிரதிநிதித்துவம் உயர்வு' என்று ஒரு அழகான கிராஃபே போட்டுவிடலாம். ஆனால் தலைகளை எண்ணிப் பாருங்கள். 2022-இல் 15 பெண்கள். 2025-இலும் 15 பெண்கள். நடுவில் இரண்டு ஆண்டுகள் 10. ஆண்களைக் குறைத்ததில்தான் விகிதம் ஏறியது. பெண்களுக்குப் புதிதாக ஒரு நாற்காலிகூடப் போடப்படவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. பெண்கள் பிரிவில் பெயர் கொடுப்பவர்கள் எண்ணிக்கை ஆண்களில் பாதிகூட வருவதில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு பெண் இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு ஓர் ஆணுக்கு இருப்பதைவிட அதிகம்தான். 15-க்கு மேல் கொடுத்தால் முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நேர இடைவெளி பெரிதாகி, நேரலை சுவாரசியம் இழக்கும் என்கிறார்கள். எனவே இதை அப்பட்டமான பாகுபாடு என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

என் சந்தேகம் வேறு. பெண்கள் குறைவாக இருப்பதால் இடம் குறைவு என்கிறார்கள். இடம் குறைவாக இருப்பதால் பெண்கள் குறைகிறார்களா என்று யாராவது பார்த்தார்களா? இறுதிச் சுற்றில் இருப்பவர் மட்டும்தான் கேமராவில் வருவார். கேமராவில் வராதவரின் ஹெல்மெட்டில் தன் லோகோ இருந்து என்ன பயன் என்று ஸ்பான்சர் கேட்பார். ஸ்பான்சர் போனால் அடுத்த ஆண்டு பிரைவேட்டியர். அணியில்லாமல் தனியாக வருபவர்கள் உலகக் கோப்பைக்குள் நுழைவதும் 2025-இல் வந்த அணிப் பதிவு முறைக்குப் பிறகு முன்பைவிடக் கடினம். 16-வது இடத்தில் முடித்த 20 வயதுப் பெண் இரண்டு சீசன் அப்படி ஓட்டிவிட்டு, படிப்பை முடிக்கப் போய்விட்டால், மூன்றாவது ஆண்டு பட்டியலில் ஒரு பெயர் குறையும். 'பார்த்தீர்களா, ஆள் வருவதில்லை' என்று அந்தப் பட்டியலையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

பெண்களுக்கு எளிதான தடம் போடலாமே?

நல்லெண்ணத்தோடுதான் சிலர் இதைக் கேட்கிறார்கள். உலக சாம்பியன்ஷிப்பிலும் உலகக் கோப்பையிலும் ஆணும் பெண்ணும் ஒரே தடத்தில்தான் இறங்குகிறார்கள். 2023-இல் ஃபோர்ட் வில்லியமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்களில் வென்ற சார்லி ஹாட்டனின் நேரம் சுமார் 4 நிமிடம் 26 விநாடி. பெண்களில் வென்ற வாலி ஹோல் 4 நிமிடம் 58 விநாடி. சுமார் 12 சதவீத வித்தியாசம். அதே பாறை, அதே தாவல்.

சிக்கல் தாவலில் இருக்கிறது. ஒரு பெரிய இடைவெளியைத் தாண்டக் குறிப்பிட்ட வேகம் வேண்டும். தடத்தை வடிவமைப்பவர் யாருடைய வேகத்தை மனதில் வைத்துக் கட்டுகிறார்? வேகம் போதாமல் போனால், எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கவேண்டிய சக்கரம் அதன் விளிம்பில் மோதும். மணிக்கட்டு, காறை எலும்பு, தலை என்று வரிசையாக அடிவாங்கும். சில இடங்களில் சுற்றிப்போகும் மாற்றுப் பாதை இருக்கும்; அதில் போனால் இரண்டு மூன்று விநாடி போகும். 15-வது இடத்துக்கும் 16-வது இடத்துக்கும் நடுவே அந்த இரண்டு விநாடிகூட இருக்காது. அப்போது தகுதிச் சுற்றில் அந்தப் பெண் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பார்? இடங்களின் எண்ணிக்கை வெறும் நிர்வாக விஷயம் மாதிரித் தோன்றினாலும், அது நேராக எலும்பில் போய் முடிகிறது.

தனித் தடம் கேட்பதைவிட, எல்லா வேகத்துக்கும் பொருந்தும்படி தாவலைக் கட்டுவதும், பயிற்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவதும் நடைமுறைக்கு நெருக்கமான தீர்வுகள் என்பது என் கருத்து. இடைவெளி இல்லாமல் மேல்பகுதியை மண்போட்டு நிரப்பிய தாவலில், வேகம் குறைந்தால் நேரம்தான் போகும், உயிர் போகாது.

ரேம்பேஜ்: 23 ஆண்டுக் காத்திருப்பு

பெண்களுக்கு இது ஆபத்து என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, டவுன்ஹில்லின் பக்கத்து வீடான ஃப்ரீரைடைப் பார்க்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வர்ஜின் என்ற சிற்றூருக்கு அருகே செம்மண் குன்றுகளில் நடப்பது ரெட் புல் ரேம்பேஜ். அங்கே தடமே கிடையாது. போட்டியாளர்களும் உதவியாளர்களும் மண்வெட்டி பிடித்துத் தங்கள் பாதையைத் தாங்களே செதுக்க வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். 2001-இல் தொடங்கிய அந்தப் போட்டியில் பெண்கள் பிரிவு வந்தது 2024-இல்.

நடுவில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கனடாவின் கேசி பிரவுன் 2019-இல் ரேம்பேஜுக்கான தகுதிப் போட்டியில் ஆண்களோடு இறங்கிப் பார்த்தார். அதே ஆண்டு, வர்ஜின் குன்றுகளிலேயே பெண்களுக்கென்று ஃபார்மேஷன் என்ற முகாம் தொடங்கியது. பட்டம், மதிப்பெண் எதுவும் இல்லாமல், சேர்ந்து பாதை அமைத்து ஓட்டிப் பழகும் இடம். அங்கே பழகிய கைகள்தான் 2024 அக்டோபரில் ரேம்பேஜுக்கு வந்தன. எட்டுப் பெண்களுக்கு அழைப்பு. பரிசுப் பணம் ஆண்களுக்கு நிகராக. நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் அந்தப் பிரமாண்ட சரிவில் பேக்ஃபிளிப் அடித்து வென்றார். 2025-இலும் அவரே.

'பெண்கள் தயாராகட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவந்தவர்களுக்கு இதில் ஒரு தகவல் இருக்கிறது. பழக இடம் கொடுத்ததும் ஐந்தே ஆண்டுகளில் தயாராகிவிட்டார்கள்.

டவுன்ஹில் பந்தயத்துக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ மவுன்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்பிலேயே பெண்கள் டவுன்ஹில் இருந்தது. கனடாவின் சிண்டி டிவைன் வென்றார். தொண்ணூறுகளில் இந்த விளையாட்டின் மிகப் பிரபலமான முகங்களில் ஒன்று, 1994-இன் சாம்பியன் மிஸ்ஸி ஜியோவ். இறந்துபோன தன் பிரான்ஹா மீனைப் பதப்படுத்தி, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பந்தயத்துக்கு வருவார். ஸ்பான்சர்கள் அவரைத் தேடி வந்த காலம் அது. ஆக, 'பெண்களின் பந்தயத்தை யார் பார்ப்பார்கள்' என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் இருந்திருக்கிறது.

நாம் எதைப் பார்க்கிறோம்?

மீடியா படித்தவள் என்பதால் இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. டவுன்ஹில் பற்றித் தேட ஆரம்பித்தால், சீக்கிரமே ஒரு வீடியோவுக்கு வந்து சேர்வீர்கள். 2011 உலக சாம்பியன்ஷிப், சுவிட்சர்லாந்தின் சாம்பெரி, கொட்டிய மழை, சேற்றில் நீந்துகிற மாதிரி இறங்கி 11 விநாடிக்கு மேல் வித்தியாசத்தில் வென்ற டேனி ஹார்ட், தொண்டை கிழியக் கத்தும் வர்ணனையாளர். உண்மையிலேயே அபாரமான ஓட்டம். நானும் நாலைந்து தடவை பார்த்தேன். அதே சாம்பெரியில், அதே சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பட்டத்தை வென்றவர் பிரான்ஸின் எம்மலின் ராகோ. அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டது முடிவுகள் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான்.

2025 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப் மறுபடி அதே சாம்பெரிக்கு வந்தது. உலகின் மிகச் செங்குத்தான தடங்களில் ஒன்று என்று பெயரெடுத்த அந்த இறக்கத்தில் வாலி ஹோல் வென்றார். 2022-இல் லெஜே, 2023-இல் ஃபோர்ட் வில்லியம், 2024-இல் அன்டோரா, இப்போது இது. தொடர்ச்சியாக நான்காவது உலகப் பட்டம். ஷோசோனின் எட்டில் சரிபாதி.

ஹோலுக்கு அப்போது வயது 23. லென்சர்ஹைடேயில் ஆதர்டன் திரும்பிவந்து வென்ற வயதை எட்ட இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன.